நார்ட்டன் கமாண்டோ மோட்டார்சைக்கிளின் முன் ஃபோர்க்கில் புதிய புஷ், ஆயில் சீல் பொருத்துவது

முதலில் ஃபோர்க் குழாயைக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் குழாய் வளைந்திருக்கிறது. அடுத்து, சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) உரசும் பகுதியை நகத்தால் வருடிப் பாருங்கள். சிங்கப்பூரின் ஈரக்காற்றில், அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் குரோம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்திருக்கும். நகம் தட்டினால் புது சீல் போட்டும் பயனில்லை. அந்தக் குழிகள் அதன் உதட்டை அறுத்துவிடும். குழாயையே மாற்றுங்கள்.

குழாய் ஆடாமல் வழுக்கி நகர உதவும் உருளை வளையம்தான் புஷ். கீழ் புஷ்ஷைக் குழாயின் அடிமுனையில் சர்க்ளிப்பால் (பள்ளத்தில் அமரும் பூட்டுவளையம்) பூட்டுங்கள். குழாயின் மேல்முனையில் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அந்த வழியாக மேல் புஷ், காகித வாஷர், சீல், காலர் (மேலே திருகும் மூடி) என்ற வரிசையில் இறக்குங்கள். சீலின் சுருள் கம்பி தெரியும் பக்கம் கீழே, எண்ணெயை நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாகப் போனால் எண்ணெய் கசியும், முழுவதையும் மறுபடி கழற்றவேண்டும்.

அதிர்வைத் தணிக்கும் டேம்பரை, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியான ஸ்லைடருக்குள் வைத்து அடிபோல்ட்டை முடுக்குங்கள். ஃபைபர் வாஷர் புதிதாகவே இருக்கட்டும். குழாயை ஸ்லைடருக்குள் இறக்கிக் காலரைத் திருகினால் சீல் நேராக அமரும், சுத்தியல் வேண்டாம். ஃபோர்க்கின் ஒவ்வொரு காலுக்கும் 150 மி.லி. எஸ்ஏஇ 20 எண்ணெய்.

சக்கரத்தை மாட்டி அச்சு நட்டை இறுக்கியபின், அச்சைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, ஹேண்டிலைப் பிடித்து நாலைந்து தரம் அழுத்துங்கள். ஸ்லைடர் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே முடுக்கினால் இரு கால்களும் இழுபட்டு, ஃபோர்க் சிக்கிச் சிக்கி இறங்கும். கடைசியில்தான் அந்த போல்ட்.