ஷேர்பாயிண்ட் கோப்புப் பட்டியல் பாதியில் நிற்பது ஏன்? ஏபிஐ எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேர்பாயிண்ட் (மைக்ரோசாஃப்டின் கோப்புப் பகிர்வுத் தளம்) டாக்குமென்ட் லைப்ரரியிலிருந்து கோப்புப் பட்டியல் எடுக்கும் புரோகிராம் எரர் கொடுத்தால் கவலையில்லை, யாராவது பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். 200 (‘வெற்றி’) ஸ்டேட்டஸோடு பாதிப் பட்டியல் வந்தால்தான் வம்பு. டெஸ்ட் சைட்டில் முப்பது கோப்புகளோடு ஒழுங்காக ஓடிய கோட், பன்னிரண்டாயிரம் கோப்புள்ள நிஜ லைப்ரரியில் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததென்று லாக்கில் எழுதிவிட்டுப் போய்விடும்.

பட்டியல் எடுக்க இரண்டு ஏபிஐகள் (புரோகிராம்கள் தகவல் கேட்கும் வழிகள்) உண்டு: மைக்ரோசாஃப்டின் பல சேவைகளுக்கும் பொதுவான மைக்ரோசாஃப்ட் கிராஃப், ஷேர்பாயிண்டின் சொந்த ரெஸ்ட் ஏபிஐ. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கிராஃபையே எடுப்பது நல்லது. இரண்டின் வரம்புகளும் வேறு, பெயர்களும் வேறு. ஒன்றுக்காக எழுதிய விடையை எங்கிருந்தோ எடுத்து மற்றொன்றில் ஒட்டுவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

அடுத்த பக்கம்

கிராஃபில் ஒரு ஃபோல்டரின் ‘சில்ட்ரன்’ கேட்டால், வேறெதுவும் சொல்லாதவரை 200 உருப்படிகளே வரும். ‘டாப்’ கொடுத்து இதைக் கூட்டலாம். ரெஸ்ட் வழியில் லிஸ்ட் (லைப்ரரியும் ஒரு லிஸ்ட்தான்) உருப்படிகளைக் கேட்டால் முதலில் 100, கேட்டால் 5000 வரை. மீதிக்கு ரெஸ்பான்ஸிலேயே ‘நெக்ஸ்ட்லிங்க்’ என்ற முகவரி வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் தவறுகள் இங்கேதான் அதிகம்.

முதலாவது, அந்த முகவரியின் கீயைத் தவறாகப் படிப்பது. கிராஃபில் அது ‘அட்’ குறியில் தொடங்கி, ‘ஓடேட்டா’வுக்கும் ‘நெக்ஸ்ட்லிங்க்’குக்கும் நடுவே புள்ளி உள்ள ஒரே பெயர். ஜாவாஸ்கிரிப்டில் சதுர அடைப்புக்குள் மேற்கோள் போட்டு முழுப்பெயரையும் எழுத வேண்டும். புள்ளி வைத்து வெறும் நெக்ஸ்ட்லிங்க் என்று எழுதினால் எரர் எதுவும் வராது. ‘அன்டிஃபைண்ட்’ வரும், அடுத்த பக்கம் இல்லையென்று லூப் நின்றுவிடும். ரெஸ்டில் இன்னும் மோசம்: ‘அக்செப்ட்’ ஹெடரில் ‘வெர்போஸ்’ கேட்டால் அந்தக் கீ இரண்டு அடிக்கோடுகளோடு ‘நெக்ஸ்ட்’ ஆகிவிடும், ‘நோமெட்டாடேட்டா’ கேட்டால் அட் குறி இல்லாமல் வரும், ஓடேட்டா 4 என்று ஹெடரில் சொன்னால் அட் குறியோடு வரும். ஹெடரை ஒருவர் மாற்றினால், வேறொருவர் எழுதிய பேஜிங் சத்தமில்லாமல் உடையும்.

இரண்டாவது, நிறுத்தும் நிபந்தனை. ‘200க்குக் குறைவாக வந்தால் இதுதான் கடைசிப் பக்கம்’ என்று எழுதாதீர்கள். பக்கம் குறைவாக வரலாம், காலியாகக்கூட வரலாம், ஆனால் அதோடு நெக்ஸ்ட்லிங்க் இருக்கும். அது இல்லாத பக்கமே கடைசி.

மூன்றாவது, முகவரியை நாமே தயாரிப்பது. ரெஸ்டில் லிஸ்ட் உருப்படிகளுக்கு ‘ஸ்கிப்’ வேலை செய்யாது. நெக்ஸ்ட்லிங்கைப் பிரித்துப் பார்க்காமல் வந்தபடியே அனுப்புங்கள். டாப், செலக்ட் எல்லாம் அதற்குள் ஏற்கெனவே இருக்கும்; மறுபடி ஒட்ட வேண்டாம்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர்

சில்ட்ரன் ஒரு மட்டம்தான் இறங்கும். உள் ஃபோல்டர்களை நீங்கள்தான் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஆயிரம் ஃபோல்டர் இருந்தால் குறைந்தது ஆயிரம் ரிக்வெஸ்ட். அதைவிட ரூட்டில் ‘டெல்டா’ கேட்பது மேல்: லைப்ரரி முழுவதும் பக்கம் பக்கமாக வரும், கடைசியில் ‘டெல்டாலிங்க்’ கிடைக்கும். அதைச் சேமித்து வைத்தால் நாளைக்கு மாறியவற்றை மட்டும் கேட்கலாம். தினமும் பட்டியல் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

டெல்டாவுக்கும் சில குணங்கள் உண்டு. ஒரே கோப்பு இரண்டு மூன்று முறை வரலாம். கடைசியாக வந்ததே செல்லும். நீக்கப்பட்ட கோப்பும் ‘டெலிடட்’ அடையாளத்தோடு வரும், அதைப் பட்டியலில் சேர்த்துவிடக்கூடாது. முக்கியமாக, ஃபோல்டரின் பெயர் மாறினால் உள்ளிருக்கும் கோப்புகள் திரும்ப வராது, பாதையும் டெல்டாவில் தரப்படுவதில்லை. எனவே கோப்பின் ஐடியையும் பெற்றோர் ஃபோல்டரின் ஐடியையும் சேமித்து, பாதையை நீங்களே கட்டுங்கள். பாதையைக் கீயாக வைத்த டேட்டாபேஸில் ஒரு பெயர் மாற்றத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான வரிகள் பொய்யாகிவிடும். 410 வந்தால் பழைய டெல்டாலிங்க் செல்லாது, முழுப் பட்டியலையும் மறுபடி எடுக்க வேண்டும்.

கோப்பா ஃபோல்டரா என்பதைப் பெயரில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு உருப்படியிலும் ‘ஃபைல்’ அல்லது ‘ஃபோல்டர்’ என்ற பகுதி இருக்கும். இரண்டும் இல்லாமல் ‘பேக்கேஜ்’ என்று வந்தால் பெரும்பாலும் ஒன்நோட் நோட்டுப்புத்தகம்.

ஐயாயிரம் என்ற சுவர்

லைப்ரரியில் 3 கோடி கோப்புகள் வரை வைக்கலாம். ஆனால் ஒரே வினவலில் 5000 உருப்படிகளுக்கு மேல் அலச வேண்டியிருந்தால் லிஸ்ட் வியூ த்ரெஷோல்ட் என்ற வரம்பு தடுக்கும். ரெஸ்டில் ஒரு ஃபோல்டரின் ‘ஃபைல்ஸ்’ கேட்கும் முறை, அந்த ஃபோல்டரில் 5000ஐத் தாண்டியதும் இப்படித்தான் விழும். டாப்பைக் குறைத்துப் பயனில்லை. எத்தனை திருப்பித் தருகிறது என்பதல்ல, எத்தனையை அலசுகிறது என்பதே கணக்கு. ஃபில்டர் போடும் நெடுவரிசையை, லைப்ரரி பெருகும் முன்பே இண்டெக்ஸ் செய்யுங்கள். கிராஃபில் இண்டெக்ஸ் இல்லாத நெடுவரிசையில் ஃபில்டர் செய்ய ஒரு ‘ப்ரிஃபர்’ ஹெடர் உண்டு. ‘எப்போது வேண்டுமானாலும் தோற்கலாம்’ என்ற எச்சரிக்கை அதன் பெயரிலேயே இருக்கிறது. நேர்மையான பெயர், நம்பிப் பயன்படுத்தாதீர்கள்.

பெயரும் பாதையும்

திரையில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்று தெரியும் லைப்ரரியின் முகவரி ‘ஷேர்டு டாக்குமென்ட்ஸ்’. தலைப்பை வைத்துத் தேடும் கோட், தலைப்பு மாறியதும் செத்துவிடும். ஜெர்மன் மொழியில் உருவாக்கிய சைட்டில் முகவரியே வேறாக இருக்கும். ஒருமுறை கிராஃபில் ‘டிரைவ்ஸ்’ (லைப்ரரிகளின் பட்டியல்) கேட்டு லைப்ரரியின் ஐடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் ஹேஷ் குறி இருந்து அதை என்கோட் செய்யாவிட்டால் (யுஆர்எல்லுக்கேற்ற % குறியீடாக மாற்றாவிட்டால்), அதற்குப் பின்னுள்ள பகுதி சர்வருக்கே போகாது. ஒற்றை மேற்கோள் இருந்தால் ரெஸ்டில் அதை இரட்டிப்பாக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் வேறு சிக்கல்கள். ‘கொள்முதல்’ என்ற சொல்லில் 9 கோட்பாயிண்ட்கள் (யூனிகோட் குறியெண்கள்). யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், யுஆர்எல்லில் மொத்தம் 81 எழுத்துகளாக நீளும். ஏற்கெனவே என்கோட் ஆனதை மறுபடி என்கோட் செய்தால் ‘கிடைக்கவில்லை’ என்ற 404தான். இன்னொன்று, ‘கொ’வின் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமித்தாலும், ஒரே கோட்பாயிண்டாகச் சேமித்தாலும் திரையில் ஒன்றுபோலவே தெரியும்; புரோகிராமுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பெயர்களை ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் யூனிகோடின் சேர்த்தெழுதும் வடிவமான என்எஃப்சிக்கு மாற்றுங்கள்.

அனுமதி

ஒரு பயனரின் டோக்கனில் (அனுமதிச் சீட்டு) கேட்டால் அவர் பார்க்கக்கூடியவை மட்டுமே வரும். மறைக்கப்பட்டவை இருப்பதாகக்கூட ஏபிஐ சொல்லாது. நிர்வாகியின் கணக்கில் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு ‘எல்லாம் வருகிறது’ என்று முடிவுகட்ட வேண்டாம். செக்-அவுட் கட்டாயமான லைப்ரரியில், பதிவேற்றி ஒருமுறைகூடச் செக்-இன் செய்யாத கோப்பு பதிவேற்றியவருக்கு மட்டுமே தெரியும்.

பயனர் இல்லாமல் ஆப் அனுமதியில் ஓடும் புரோகிராம் கிராஃபில் கிளையன்ட் சீக்ரெட்டோடு (ஆப்பின் கடவுச்சொல் போன்றது) வேலை செய்யும். அதே டோக்கன் முறை ஷேர்பாயிண்ட் ரெஸ்டில் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) தரும். அங்கே சர்டிஃபிகேட் வேண்டும். ‘சைட்ஸ் செலக்டட்’ என்ற அனுமதியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட சைட்டிலும் ஆப்புக்கு அனுமதி தர வேண்டும். அதுவரை ‘அனுமதி இல்லை’ என்ற 403தான்.

429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்) அல்லது 503 (சர்வர் இப்போது தயாரில்லை) வந்தால் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ ஹெடரில் உள்ள விநாடிகள் காத்திருங்கள். உடனே மறுபடி தட்டினால் தடை நீளும். 20 ரிக்வெஸ்டுகளை ஒரே பேட்ச்சில் கட்டி அனுப்புவது தப்பிக்கும் வழியல்ல, ஒவ்வொன்றும் தனியாகவே எண்ணப்படும். மேலே 200 வந்தாலும் உள்ளே சிலவற்றுக்கு 429 இருக்கலாம்.

பட்டியலோடு வரும் டவுன்லோட் முகவரி சிறிது நேரமே செல்லும். அதைச் சேமிக்காமல் தேவைப்படும்போது புதிதாகக் கேளுங்கள். தேதிகள் யுடிசியில் வரும்: இந்திய நேரப்படி ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குத் திருத்திய கோப்பு, பட்டியலில் மார்ச் 31 இரவு 8.30 என்றிருக்கும். நிதியாண்டுக் கணக்குக்கு ஃபில்டர் போடுபவர்கள் 5.30 மணி நேரத்தைக் கூட்டியபின் தேதியை வெட்டுங்கள்.

எடுத்த பட்டியல் முழுமையா என்று பார்க்க, லிஸ்டின் ‘ஐட்டம்கவுன்ட்’டோடு ஒப்பிடலாம். அதில் ஃபோல்டர்களும் எண்ணப்படும் என்பதால் உங்கள் பக்கத்திலும் கோப்பு, ஃபோல்டர் இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள்.