ரூத்தின் கதையை ஆஃப்ரிகான்ஸ் மேடைக்கு எழுதுவது எப்படி?

விவிலியத்தின் ரூத் நூலில், மோவாப் நாட்டு விதவையான ரூத் தன் மாமியார் நகோமியோடு பெத்லெகேமுக்கு வந்து, அங்கே நகோமியின் கணவருடைய உறவினரான போவாஸை மணக்கிறாள். தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் முழு விவிலியம் 1933இல்தான் வெளிவந்தது; அதற்கு முன் அம்மொழி பேசியவர்கள் தேவாலயத்தில் கேட்டது டச்சு விவிலியத்தையே. ஆயினும் அந்த 1933ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்து ஊறிப்போனது என்பதால், ரூத்தின் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பதை அரங்கில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் அறிந்தே வருவார்கள். எனவே கதையைச் சொல்வது உங்கள் வேலையன்று. நான்கு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் படித்து, மூலம் எங்கெங்கே வாய்மூடி நிற்கிறதோ அங்கெல்லாம் குறியிட்டுக்கொள்ளுங்கள். மோவாபில் கழிந்த ஏறக்குறைய பத்து ஆண்டுகளும் நகோமியின் இரண்டு மகன்களின் சாவும் முதல் அதிகாரத்தின் இரண்டே வசனங்களில் முடிந்துவிடுகின்றன; மாமியாரை முத்தமிட்டுத் திரும்பிப்போன மற்றொரு மருமகள் ஓர்பாளைப் பற்றி அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. உங்கள் காட்சிகள் அந்த இடங்களிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அடுத்தது மொழி. நாடகம் நிற்பதும் விழுவதும் இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். பழைய மொழிபெயர்ப்பில் ரூத் நகோமியிடம், "ஊ ஃபோல்க் இஸ் மேய் ஃபோல்க்", அதாவது "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்கிறாள். 'ஊ' என்பது மரியாதைச் சொல்; ஆனால் அதில் ஒரு விலகலும் உண்டு. ஆஃப்ரிகான்ஸ் வீடுகளிலோ மூத்தவர்களிடம் 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ சொல்வதைவிட உறவுப்பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பேசுவதே வழக்கம். "அம்மா போகும் இடத்துக்கு நானும் வருவேன்" என்று நாம் சொல்வதைப் போன்றதே அது. ஆகவே தொடக்கக் காட்சிகளில் ரூத்தை 'ஊ' என்றே பேசவிட்டு, பெத்லெகேம் செல்லும் வழியில், அந்தப் புகழ்பெற்ற உறுதிமொழியின் நடுவில், முதன்முறையாக 'மா' என்று அழைக்க வையுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த வரியில் ஒரே ஒரு சொல் மாறும்போது, அரங்கம் அதைப் புதிதாகக் கேட்கும்.

நடிகர்களுக்கான ஒரு குறிப்பையும் பிரதியிலேயே எழுதிவிடுங்கள். இம்மொழியில் எதிர்மறை வாக்கியம் பெரும்பாலும் இரண்டு 'நி' கொண்டது: "எக் கான் நி தெரக் நி", அதாவது "நான் திரும்பிப் போகமாட்டேன்". இறுதி 'நி'யை அழுத்தினால் வசனம் பிரசங்கமாகிவிடும். அது மூச்சோடு மெல்லக் கரைய வேண்டும்.

ரூத் அயல்நாட்டு மனைவி. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையருக்கும் பிற இனத்தவருக்கும் இடையிலான திருமணத்தைத் தடைசெய்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் 1985 வரை இருந்தது. அந்த நினைவு அரங்கில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதை விளக்க ஒரு சொற்பொழிவு வேண்டாம். நான்காம் அதிகாரத்தில், ஊர்வாசலில் நகோமியின் குடும்ப நிலத்தை மீட்கச் சம்மதித்த உறவினன், மோவாபியப் பெண்ணும் அதோடு வருகிறாள் என்று கேட்டதும் தன் சொத்துரிமை கெட்டுப்போகும் என்று பின்வாங்குகிறான். அந்தக் காட்சியை நிதானமாக, ஒரு சாதாரண நிலபேரமாகவே நடத்துங்கள். மீதியைப் பார்வையாளர் புரிந்துகொள்வார்கள்.

மொழிபெயர்ப்பு வரிகளை அதிகமாக எடுத்தாள்வதானால், தென்னாப்பிரிக்க விவிலியச் சங்கத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். 1995 முதல் ஔட்ஸ்ஹோர்னில் நடந்துவரும் கலைவிழா போன்ற இடத்துக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், இடைவேளையின்றி எழுபது நிமிடத்துக்குள் முடித்து, சில நிமிடங்களில் கழற்றக்கூடிய எளிய மேடையமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். களத்துக் காட்சிக்கு ஒரு விரிப்பும் உண்மையான வாற்கோதுமையும் போதும். போவாஸ் ஆறுபடி அளந்து ரூத்தின் போர்வையில் கொட்டும் ஓசை கடைசி வரிசைவரை கேட்க வேண்டும்.

இறுதிக் காட்சியில் கவனம் தேவை. நான்காம் அதிகாரத்தில் ரூத் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பிள்ளை பிறந்ததும் அயலகத்துப் பெண்கள், "நகோமிக்கு ஒரு மகன் பிறந்தான்" என்கிறார்கள். ரூத்துக்கு அங்கே நீங்கள் வசனம் எழுத வேண்டாம். பெண்கள் பேசட்டும், குழந்தை நகோமியின் மடியில் இருக்கட்டும், ரூத் அந்தக் காலிப் போர்வையை மடித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணையட்டும்.