வெள்ளி மாலை ஒரு தடவை, திங்கள் காலை ஒரு தடவை

காரைக்குடிப் பக்கம் ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே, "கரண்ட் பில் குறைய என்ன வாங்கிப் போடலாம்?" என்று தலைமையாசிரியை கேட்டார். "இப்போதைக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம் டீச்சர், மீட்டர் பெட்டிச் சாவியைக் கொடுங்க" என்றேன்.

வெள்ளி மாலை எல்லோரும் போன பிறகு மீட்டர் ரீடிங்கை எழுதிக்கொள்ளுங்கள். மாடித் தொட்டியை நிரப்பி மோட்டாரை அணைத்துவிட்டு, ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். திங்கள் காலை மணி அடிக்கும் முன் இரண்டையும் மறுபடி பாருங்கள். எங்கள் பள்ளியில் கிட்டத்தட்ட 5 யூனிட் ஓடியிருந்தது. தேடிப் போனால், பூட்டிய ஆய்வகத்தில் ஒரு மின்விசிறி இரண்டு நாளும் பீரோவுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்திருக்கிறது!

தண்ணீர்தான் ஆட்டம் காட்டியது. தொட்டியில் பாதி இல்லை, ஆனால் குழாய் எதுவும் சொட்டவில்லை. கழிப்பறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பங்குனி வெயிலில் செம்மண் பாளமாக வெடித்துக் கிடக்க, ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றது. தோண்டினால் பைப் இணைப்பு விட்டிருந்தது. ஒழுக்கை முதலில் அடைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். வீணாகும் தண்ணீரும் கரண்ட் செலவில் மேலே ஏறியதுதானே. சொட்டும் குழாயின் கீழே ஒரு லிட்டர் பாட்டிலை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறைந்தால் நாளைக்கு 24 லிட்டர். பெரும்பாலும் வாஷர் மாற்றினாலே நின்றுவிடும்.

அப்புறம்தான் வாங்குகிற பேச்சு. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த வகை ஏறக்குறைய 30 வாட்டில் முடித்துவிடும். பத்தை மாற்றினால், ஆறு மணி நேரப் பள்ளிக்கு நாளுக்கு 2.7 யூனிட் மிச்சம். ஆனால் இதைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்காதீர்கள், பழுதாகிவிடும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். டியூப் லைட்டுக்கும் எல்.இ.டி. போடலாம், சரி. ஆனால் ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை முதலில் நகர்த்துங்கள். நான் வேலைக்குப் போகும் செட்டியார் வீடுகளில், வளவு என்கிற, வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றத்து வெளிச்சத்திலேயே பகல் முழுக்க வேலை ஓடிவிடும்.

அந்த முற்றங்களில் ஓட்டுத் தண்ணீரை அண்டாவில் பிடிப்பார்கள். பள்ளியின் மொட்டை மாடியும் அதே மாதிரிதான். 200 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர் விழும். 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டதால் பல பள்ளிகளில் குழி இருக்கும், சருகு அடைத்துக் கிடக்கும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டி, குழியின் மேல் மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட, இறங்கு குழாயின் அடியில் திருகு மூடி ஒன்று வேண்டும். அழுக்கு போனதும் அதை மூடி, மழை விட்டதும் திறந்து வைக்கும் பொறுப்பு எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு. போன ஐப்பசியில் மூடிய பையன் மறுபடி திறக்க மறந்து, குழாயெல்லாம் சேறு. இப்போது மூடியில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன்.