அனாமலி ஸ்கேனில் 'இதயத்தில் ஏதோ தெரிகிறது' என்றால்

கருவின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பதுதான் அனாமலி ஸ்கேன். அதில் இப்படிச் சொன்னதும் வீடே கலங்கிப்போகும். முதலில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். சொல்லியிருப்பது புள்ளியா, துடிப்பா, அமைப்பா? மூன்றும் வேறு வேறு, அவசரமும் வேறு.

அதிகம் பயமுறுத்துவது 'எக்கோஜெனிக் ஃபோகஸ்'. இதய வால்வைப் பிடித்திருக்கும் சிறு தசையில் சுண்ணாம்பு படிந்து, எலும்பைப் போல வெள்ளையாக மின்னும். ரவை அளவுதான் இருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கும். நூற்றில் 3 முதல் 5 கருக்களில், பெரும்பாலும் இடது கீழறையில் தெரியும். இது ஓட்டை அல்ல. இதயத்தின் வேலையையும் கெடுக்காது. டவுன் சிண்ட்ரோமோடு லேசான தொடர்பு இருப்பதால்தான் எழுதுகிறார்கள். ஸ்கேனில் வேறு குறை ஏதும் இல்லை, முன்பு செய்த டவுன் சிண்ட்ரோம் ரத்தப் பரிசோதனையிலும் ஆபத்து குறைவு என்று வந்திருக்கிறது என்றால் அத்தோடு விட்டுவிடலாம். புள்ளி மறைந்ததா என்று பார்க்க மறு ஸ்கேன்கூட வேண்டாம். முன்பு அந்தப் பரிசோதனை செய்யவில்லை என்றால் என்ஐபிடி (தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும் பரிசோதனை) பற்றிக் கேளுங்கள். இந்த ஒரு புள்ளிக்காக வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்க ஓடாதீர்கள். அதில் சிறிய அளவிலாவது கருச்சிதைவு ஆபத்து உண்டு.

துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். ஸ்கேன் கருவியை வயிற்றில் அழுத்தும்போது சில நொடிகள் குறைந்து மீள்வது இயல்பு. இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போவதும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் சில குழந்தைகளுக்கு அதுவே அதிவேகத் துடிப்பாக மாறும். அதனால் சரியாகும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 200-ஐத் தாண்டி நிற்காமல் ஓடினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்க்குக் கொடுக்கும் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேரும். துடிப்பு ஏறாமல் 60 அளவிலேயே இருந்தால், தாய்க்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அவருக்கு 'ஆன்டி-ரோ' (குழந்தையின் இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடிய எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை தேவை.

அமைப்பில் சந்தேகம் என்றால் சில நாட்களுக்குள் ஃபீட்டல் எக்கோ (கருவின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். இதயத்தின் நான்கு அறைகளோடு, இரு பெரிய ரத்தக் குழாய்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடப்பதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நான்கு அறைகளை மட்டும் பார்த்தால், குழாய்கள் இடம் மாறியிருப்பது கண்ணில் படாமல் தப்பிவிடும். ஓட்டை என்றால் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தார்களா என்று கேளுங்கள். நடுச்சுவர் மெல்லியதாக இருக்கும் இடத்தில், ஒலி அலை சுவரோடு இணையாகப் போனால் இல்லாத ஓட்டையும் படத்தில் தெரியும். தசைப்பகுதியில் உள்ள சிறு ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும்.

வாரக் கணக்கில் கவனமாக இருங்கள். கடுமையான குறை என்றால் இந்தியச் சட்டப்படி கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலும், 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் ஒப்புதலும் வேண்டும், அதற்குப் பிறகு மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். கர்ப்பத்தைத் தொடர்ந்தால், குழாய் இடமாற்றம் போன்ற குறைகளுக்குக் குழந்தை இதய அறுவை சிகிச்சை உள்ள இடத்திலேயே பிரசவம் பாருங்கள். பிறந்தவுடன் ப்ராஸ்டாகிளாண்டின் (இதயத்தருகே பிறந்த பின் மூடிக்கொள்ளும் ரத்தப் பாதையைத் திறந்தே வைக்கும் மருந்து) ஏற்ற வேண்டியிருக்கலாம். எக்கோ ரிப்போர்ட்டின் நகல் ஒன்று பிரசவ அறைக்கு வரும் பையிலேயே இருக்கட்டும்.