இருமும்போது சிறுநீர் கசிந்தால் செய்ய வேண்டிய இடுப்புத் தளப் பயிற்சி

முக்கூடல் பக்கம் மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்கள் பலர், இருமினாலோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசிவதைப் பிள்ளை பெற்ற உடம்பின் இயல்பென்று பொறுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியால் குறையக்கூடியது.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, சிறுநீரையும் ஆசனவாய் வழியே பிரியும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோல் இந்த உள்தசைகளை மேல்நோக்கி இழுத்து, 5 விநாடி நிறுத்தி, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடையோ பிட்டமோ இறுகினால், பிடித்தது வேறு தசை. வேளைக்கு 10 முறையாக நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும். குடத்தைத் தூக்குவதற்குச் சற்று முன் ஒருமுறை இறுக்கிக்கொள்வதும் கசிவைத் தடுக்கும்.

உடலுறவில் வலி உள்ளவர்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம் என்பதால், அவர்கள் தாமாகத் தொடங்காமல் பிசியோதெரபிஸ்டிடம் முதலில் தளர்த்தப் பழக வேண்டும்.