பழைய மேசை டிராயரில் தேனீக்களுக்கு ஒரு சுவர்ச் சிற்பம்

அமெரிக்கச் சிற்பி லின் ஹல், கழுகுகளும் பருந்துகளும் மின்கம்பத்தில் போய் உட்காராமல் இதில் உட்காரட்டும் என்று வயோமிங்கில் சிற்பங்களை நட்டு வைத்தவர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், சுவரில் மாட்டுகிற அளவில் தனித் தேனீக்களுக்கு ஒன்று செய்வோம். இவை அடை கட்டாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென்று ஒரு துளையைப் பிடித்து முட்டையிடும். கூட்டமாக வந்து கொட்டுமோ என்ற பயம் வேண்டாம்.

முதலில் பொருள். சுமார் 15 செ.மீ. ஆழமுள்ள மர டிராயர், மெல்லிய மூங்கில், நாணல், பழைய கதவுச் சட்டத் துண்டுகள். பிளாஸ்டிக் ஸ்ட்ரா கூடவே கூடாது, உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். கழிவுப் பொருள் எதுவானாலும் உயிர்களுக்கு வீடாகிவிடும் என்று நம்பி, ஃபுளோரிடா கடலில் 1970களில் சுமார் 20 லட்சம் டயர்களைப் பவளத்திட்டாக்கப் போட்டார்கள். கட்டுகள் அறுந்து அவை உருண்டு உண்மையான பவளத்தையே இடித்தன.

அடுத்து மூங்கிலைக் கணுவுக்குச் சற்றுப் பின்னால் அறுங்கள், அப்போதுதான் ஒரு முனை அடைத்தபடி இருக்கும். உள்விட்டம் 4 முதல் 10 மி.மீ. வரை கலந்து இருக்கட்டும். வாயை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும், சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் இறகு கிழிந்துவிடும் (பெரும்பாலானவர்கள் சோம்பல்படுவது இங்கேதான்). மரத்துண்டுகளில் துளை போடும்போது மறுபக்கம் வந்துவிடாமல் நிறுத்துங்கள்.

இனி அடுக்குவது. சுழியோ, அலையோ, கோலப்புள்ளியோ, உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு குழாயும் ஆடாதபடி இறுக்கமாக. வார்னிஷ், பெயின்ட் வேண்டாம்.

காலை வெயில் விழும் கிழக்குச் சுவரில், மழைநீர் உள்ளே போகாமல் லேசாக முன்பக்கம் சாய்த்து, காற்றில் அசையாமல் ஆணியடித்து மாட்டுங்கள். பக்கத்தில் துளசி, சூரியகாந்தி என்று பூக்கும் செடி இல்லாவிட்டால் யாரும் குடிவர மாட்டார்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். இலைவெட்டித் தேனீ ரோஜா இலையை வட்டமாக நறுக்கி வந்து துளையைப் பச்சையாக அடைக்கும், குளவி வந்தால் மண்ணால் பூசும். நீங்கள் அடுக்கிய வடிவத்துக்கு நிறம் கொடுப்பது அவைதான். மூடிய துளையைக் குத்திப் பார்க்காதீர்கள். குஞ்சுகள் வெளியேறிக் காலியான குழாய்களை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகுங்கள், இல்லாவிட்டால் உண்ணிகள் சேர்ந்து அடுத்த தலைமுறையைக் கெடுத்துவிடும்.