குதிகால் வலிக்கான மருத்துவ ஆய்வில் சேருவது எப்படி?

பிளான்டர் ஃபேசியைட்டிஸ் (உள்ளங்காலின் அடியில் இருக்கும் தசைநார்ப் பட்டை பாதிக்கப்பட்டு வரும் குதிகால் வலி) என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐஸ், மெத்தென்ற செருப்பு, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று, வலி போகவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி, தேடல். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். 2007இல் தொடங்கிய இந்தத் தளம் இலவசம். நோயின் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். போனில் பக்கம் நீண்டுகொண்டே போகும், கம்ப்யூட்டர்தான் வசதி. 'ஓப்பன் டு ரெக்ரூட்மென்ட்' (இப்போது ஆள் சேர்க்கிறார்கள்) என்று இருப்பவை மட்டும் நமக்கு வேண்டும். எந்த ஊர் மருத்துவமனை, யாருக்குப் போன் செய்வது என்பதும் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது படியில்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. இரண்டாவதை முதலில் படியுங்கள். குதிகாலில் சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் பல ஆய்வுகளில் இடமில்லை. பழைய ஊசியின் பலன் இருக்கும்போது புதிய சிகிச்சையால் வலி குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? நியாயம்தான். மூன்று மாதமா, ஆறு மாதமா என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். எனக்கு ஊசி போட்ட இடத்தில் சீட்டில் தேதியே எழுதவில்லை. அதை வாங்கத் திரும்ப அலைந்தேன். பழைய சீட்டு, எக்ஸ்ரே, மாத்திரைப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.

அப்புறம் போன் செய்யுங்கள். தளத்தில் 'ஓப்பன்' என்று இருந்தாலும் ஆள் நிரம்பியிருக்கலாம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். ஒரு பிரதி உங்களுக்கு வர வேண்டும். "எனக்குப் பி.ஆர்.பி. ஊசிதான் வேண்டும்" என்று (நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைக் குதிகாலில் போடுவது) அடம்பிடிக்க முடியாது. பெரும்பாலும் குலுக்கல் முறைதான். குலுக்கலில் எந்தச் சிகிச்சைப் பிரிவு விழுகிறதோ அதுதான். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது.

சேர்ந்த பிறகு வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்பார்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியின் வலியை அப்போதே குறித்துவிடுங்கள். ஆப் எல்லாம் வேண்டாம், தலைமாட்டில் டைரியும் பேனாவும் போதும்.

பின்சேர்க்கை: சர்க்கரை நோய் உள்ளவர்கள் சேரலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஊசி ஆய்வுகள் பலவற்றில் சேர்ப்பதில்லை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். பிசியோதெரபி, ஷூ இன்சோல் ஆய்வுகளைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, சேருவதற்குக் கட்டணம் கேட்கிறார்களாம். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி ஆய்வுக்கென்றே செய்யும் பரிசோதனைக்கு நம்மிடம் காசு வாங்கக் கூடாது. கேட்டால், படிவத்தில் எண் போட்டிருக்கும் நெறிமுறைக் குழுவுக்குப் போன் செய்யுங்கள்.